மேசைமேல் ஏழு கைபேசிகள்

2016 பிப்ரவரியில் இத்தாலியில் வெளியான ஒரு நகைச்சுவைப் படம், உலகிலேயே அதிக முறை மறுஆக்கம் செய்யப்பட்ட படம் என்று மூன்றே ஆண்டுகளில் கின்னஸ் பதிவில் ஏறியது. 2019இல் அந்தச் சான்று தரப்பட்டபோது கணக்கு 18. பிறகும் அது கூடிக்கொண்டே போனது. பாவ்லோ ஜெனோவெசே இயக்கிய அந்தப் படத்தின் பெயர் ‘பெர்ஃபெத்தி ஸ்கொனோஷூத்தி’. முற்றிலும் அந்நியர்கள் என்று பொருள். சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது, வெளிப்புறக் காட்சி என்று சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. ரோம் நகரில் ஒரு வீடு, ஒரு சந்திர கிரகண இரவு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு நண்பர்கள். இதை ஸ்பெயின் எடுத்தது, கிரேக்கம் எடுத்தது, துருக்கி, பிரான்ஸ், ஹங்கேரி, மெக்சிகோ, தென்கொரியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் எடுத்தன. அரபு மொழியில் வந்தது. இந்தியிலும் வந்துவிட்டது.

தயாரிப்பாளர்கள் இந்தக் கதையைத் தேடிப் போனதற்குச் செலவு ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஒரே வீட்டுக்குள் ஏழு நடிகர்களை வைத்து முடித்துவிடலாம். சமையலையும் ஊர்ப்பெயர்களையும் மாற்றினால் கதை உள்ளூர்க் கதையாகிவிடும். மூலப்படம் இத்தாலியில் மட்டும் சுமார் 1.7 கோடி யூரோ வசூலித்தது. அந்நாட்டின் உயரிய திரைவிருதான டேவிட் டி டொனாடெல்லோவில் சிறந்த படம், சிறந்த திரைக்கதை இரண்டையும் பெற்றது. ஜெனோவெசேயுடன் நான்கு பேர் சேர்ந்து எழுதிய அந்தத் திரைக்கதை நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவிலும் பரிசு வாங்கியது. ஆனால் குறைந்த செலவில் எடுத்து நல்ல பெயர் வாங்கிய படங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அவை இப்படி நாடு நாடாகப் போவதில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பக்கம் போகிறார்கள். கைபேசி நம் அந்தரங்கம் முழுவதையும் தன்னுள் வாங்கிக்கொண்டது என்பது ஒன்று. இன்றைய திருமணங்கள் பொய்யைத் தூணாக வைத்து நிற்கின்றன என்பது இன்னொன்று. இரண்டும் படத்தில் இருக்கின்றன. ஆனாலும் திரைக்கதையை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால், அது சோதித்துப் பார்க்கும் உறவு நட்புதான் என்று தெரிகிறது. கணவன் மனைவியிடம் மறைப்பான் என்று எல்லாச் சமூகமும் எப்போதோ கண்டுகொண்டது. அதற்குப் பழைய நாடகங்களும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. ஒரு மனிதன் முப்பது வருடச் சிநேகிதர்களிடமே தன் வாழ்க்கையை மறைத்து வைத்திருக்க நேர்ந்தால் அந்தச் சிநேகிதத்துக்கு என்ன பெயர் என்பதே ஜெனோவெசே கேட்கும் கேள்வி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோக்கோ பிளாஸ்டிக் சர்ஜன், அவர் மனைவி ஏவா மனநல சிகிச்சையாளர். விருந்து இவர்கள் வீட்டில். லெலேயும் கார்லோத்தாவும் இரண்டு குழந்தைகளோடு, கூடவே லெலேயின் தாயாரையும் வைத்துக்கொண்டு, அலுத்துப்போன குடும்பம் நடத்துகிறவர்கள். டாக்சி ஓட்டும் கோசிமோவும் கால்நடை மருத்துவரான பியாங்காவும் புதுமணத் தம்பதி. ஏழாவது ஆள் பெப்பே, வேலையிழந்த ஆசிரியர். புதிதாகப் பழகும் லூச்சில்லா என்ற பெண்ணை அழைத்துவந்து அறிமுகப்படுத்துவதாகச் சொல்லியிருந்தவர், அவளுக்குக் காய்ச்சல் என்று தனியாக வந்து நிற்கிறார். பேச்சுவாக்கில் ஏவா ஒரு விளையாட்டைச் சொல்கிறாள். எல்லோரும் கைபேசியை மேசைமேல் வைக்க வேண்டும். இரவு முடியும்வரை வருகிற குறுஞ்செய்தியை உரக்கப் படிக்க வேண்டும், அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு எல்லோர் காதும் கேட்கப் பேச வேண்டும். ரோக்கோவுக்கு இதில் இஷ்டமில்லை. ஆனால் மறுப்பவன் எதையோ மறைக்கிறான் என்று ஆகிவிடுமே. அந்த ஒரு கூச்சத்தால்தான் ஒவ்வொரு கையும் கைபேசியை மேசைக்குக் கொண்டுவருகிறது. நண்பர்கள் நடுவில் ‘நான் வரலை’ என்று சொல்ல முடியாத நிலையே இந்த நகைச்சுவையின் முதல் கண்ணி.

கலைநுட்பமாகப் பார்த்தால் இந்த உத்திக்கு முன்னோர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிஸ் மேடைகளை ஆண்ட ஜார்ஜ் ஃபெதோவின் நாடகங்கள் கதவுகளை வைத்து ஓடியவை. கள்ளக்காதலி ஒரு கதவால் ஒளிவாள், மனைவி இன்னொரு கதவால் நுழைவாள். கதவு திறக்கும் கணத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டு எழுதுவதே அந்தத் தொழிலின் வித்தை. ஜெனோவெசேயின் வீட்டில் யாரும் உள்ளே வரவே தேவையில்லை. கைபேசியின் மணியே கதவு. காதலி, நகைக்கடைக்காரர், மகள், பழைய சிநேகிதன் என்று வெளியாட்கள் அத்தனை பேரும் குரலாகவும் எழுத்தாகவும் மேசைக்கு நடுவே வந்து இறங்குகிறார்கள். ஃபெதோவின் பாத்திரங்கள் ஓடி ஒளியலாம். இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையில் முள்கரண்டியோடு, அகப்பட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு அசையாத இடத்தில் முகம் முழு வேலையையும் செய்கிறது. கேமராவும் அழைப்பை எடுத்தவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களுக்கு அடிக்கடி போகிறது. இது பேசுகிறவர்களைவிடக் கேட்கிறவர்களைப் பற்றிய படம் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விசுவாசத்தை விளையாட்டாகச் சோதிப்பதற்கும் பழைய வேர் இருக்கிறது. 1790இல் வியன்னாவில் அரங்கேறிய மொஸார்ட்டின் ‘கோசி ஃபன் தூத்தே’ இசைநாடகத்தில் இரண்டு வீரர்கள் பந்தயம் கட்டி, மாறுவேடத்தில் வந்து, ஒருவர் காதலியை மற்றவர் மயக்கிப் பார்க்கிறார்கள். பந்தயத்தை மூட்டிவிடுவது ஒரு வயதான நண்பர். சோதித்தால் உடையும் என்று தெரிந்தும் சோதிக்கத் தூண்டுவது அங்கேயும் நண்பர்கள் கூட்டம்தான். ஆனால் சோதனைக்கு உள்ளாகிறவர்கள் பெண்கள் மட்டுமே, ஆண்கள் நடுவர்கள். இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த ஜெனோவெசேயின் மேசையில் நடுவர் என்று யாரும் இல்லை. விளையாட்டைத் தொடங்கிவைத்த ஏவாவே மாட்டிக்கொள்கிறவர்களில் ஒருத்தி. அவள் அணிந்திருக்கும் காதணியைப் பற்றி நகைக்கடையிலிருந்து கோசிமோவுக்கு ஒரு அழைப்பு வருகிறது. புதுமணப் பெண் பியாங்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரே அழைப்பில் இரண்டு திருமணங்கள் சரிகின்றன.

இந்த மாதிரித் துரோகங்கள் கதையை நகர்த்துகின்றன, உண்மை. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுபவை துரோகம் என்ற சொல்லுக்குள் அடங்காத ரகசியங்கள். ரோக்கோ மனைவிக்குத் தெரியாமல் ஒரு மனநல சிகிச்சையாளரிடம் போய்க்கொண்டிருக்கிறார். மனைவியின் தொழிலே அதுதான், வீட்டில் அவர் அந்தத் தொழிலைக் கிண்டல் செய்கிறவரும்கூட. ஏவாவோ மார்பக அறுவைசிகிச்சைக்கு வேறொரு சர்ஜனிடம் ஏற்பாடு செய்திருக்கிறாள். கணவனின் தொழிலே அதுதான். இருவரும் உதவி தேடிப் போயிருக்கிறார்கள். அந்த உதவி வீட்டிலேயே இருக்கிறது, வீட்டில் கேட்கத்தான் முடியவில்லை. இதில் யாரைக் குற்றவாளி என்று சொல்வது? இருவர்மேலும் இரக்கம்தான் வருகிறது, சிரிப்பும் கூடவே வருகிறது. நவீன உறவுகளைப் பற்றி நகைச்சுவை செய்ய நினைக்கும் எழுத்தாளர்கள் இந்த ஜோடியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

படத்தின் ஆகச் சிறந்த காட்சி என்று நான் எண்ணுவதும் ரோக்கோவின் கைபேசியில்தான் நிகழ்கிறது. பதினேழு வயது மகள் சோஃபியா அழைக்கிறாள். காதலன் வீட்டில் பெற்றோர் இல்லை, வரச் சொல்கிறான், போகவில்லை என்றால் வருத்தப்படுவான், என்ன செய்வது என்று அப்பாவைக் கேட்கிறாள். அவள் பையில் ஆணுறை கண்டு அம்மா கொதித்துப்போயிருந்ததைப் படத்தின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். இப்போது அந்த அம்மாவும் அப்பாவின் நண்பர்கள் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கு அது தெரியாது. ரோக்கோ அதட்டவில்லை, நழுவவுமில்லை. அவன் வருத்தப்படுவான் என்பதற்காக மட்டும் போகாதே, நாளைக்கு நினைத்துப் பார்க்கும்போது உனக்கே சந்தோஷம் தரும் என்று தோன்றினால் போ, தோன்றாவிட்டால் பொறு என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறார். அம்மாவை மகள் குறைசொல்லும்போது அவளை விட்டுக்கொடுக்காமலும் பேசுகிறார். இந்த விளையாட்டில் வெளியே வரும் விஷயங்களில் ஒருவரின் நல்ல குணம் வெளிப்படுவது இங்கேதான். ஏவாவின் முகத்தில் ஓடுவதைக் கவனிக்க வேண்டும். கணவனிடம் இப்படி ஒரு மனிதன் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒருவரை முழுதாக அறியாமல் இருப்பதில் இந்த இழப்பும் அடக்கம்: குறைகளைப் போலவே நிறைகளும் நம் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

இப்போது நட்புக்கு வருகிறேன். பெரிய ரகசியங்கள் உடைவதற்கு முன்னால் சின்னதாக ஒன்று உடைகிறது. ஆண்கள் சேர்ந்து கால்பந்து ஆடப் போகும் திட்டம் ஒன்று கைபேசி வழியே வெளியே வருகிறது. பெப்பேயை யாரும் கூப்பிடவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் சமாளிக்கிறார்கள், நீ வரமாட்டாய் என்று நினைத்தோம் என்கிறார்கள். யாரும் கத்துவதில்லை, யார் வாழ்க்கையும் நொறுங்குவதில்லை, அடுத்த தட்டு வந்து காட்சி நகர்ந்துவிடுகிறது. ஆனால் பள்ளி, கல்லூரி, அலுவலகம் என்று எங்காவது நண்பர் குழுவில் இருந்த எவரும் இந்த இடத்தில் ஒரு நொடி நின்றுதான் போவார்கள். குழு வேறு, குழுவுக்குள் குழு வேறு என்பது வாட்ஸ்ஆப் காலத்தில் புதிதாக வந்த விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் முன்பெல்லாம் விடுபட்டவனுக்குச் சாட்சியம் கிடைத்ததில்லை. இப்போது தேதி, நேரத்தோடு கிடைக்கிறது.

அடுத்து ஒரு கைபேசி மாற்றம். லெலேவுக்குத் தினமும் இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணிடமிருந்து படம் வரும். அன்று பத்து மணி நெருங்குகிறது, கைபேசி மேசையில் கிடக்கிறது. பெப்பேயிடம் இருப்பதும் அதே மாதிரிக் கைபேசி. பெப்பே தனி ஆள், படம் வந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று லெலே கெஞ்சுகிறார். பெப்பே தயங்கித் தயங்கிச் சம்மதிக்கிறார். படம் வருகிறது, கூட்டம் சிரிக்கிறது, திட்டம் பலிக்கிறது. பிறகு லெலேயினுடையது என்று எல்லோரும் நம்பும் கைபேசியில் லூச்சோ என்ற ஆணிடமிருந்து அன்பான செய்திகள் வர ஆரம்பிக்கின்றன. காய்ச்சலில் படுத்திருக்கும் லூச்சில்லா என்று ஒருத்தி கிடையவே கிடையாது.

இந்தத் திருப்பத்தின் கட்டமைப்பை வியக்காமல் இருக்க முடியவில்லை. லெலே உண்மையைச் சொன்னால் பத்து மணிப் பெண் அகப்படுவாள், பெப்பேயின் ரகசியமும் அம்பலமாகும். சொல்லாவிட்டால் மேசை முழுக்க அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று முடிவு கட்டும். அவர் வாயை மூடிக்கொள்கிறார். அதன்பிறகு நண்பர்களின் பேச்சு மாறும் வேகத்தைப் பாருங்கள். இத்தனை வருடம் எங்களோடு பழகினாயே, எங்களிடமே மறைத்தாயா என்று அவர்கள் குமுறுகிறார்கள். கேட்கும்போது நட்பின் உரிமை மாதிரி ஒலிக்கும் வார்த்தைகள் அவை. ஆனால் ஏன் மறைத்திருப்பான் என்பதற்கான விடையை அடுத்த வாக்கியத்திலேயே அவர்கள் தங்கள் அருவருப்பால் கொடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பெப்பே கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றித் தன் நண்பர்கள் சொல்லப்போவது முழுவதையும், சொல்லப்படுபவன் தான்தான் என்று அவர்களுக்குத் தெரியாத நிலையில், ஒரு மனிதன் நேரில் கேட்கிறான். நாடகத்தில் ஒட்டுக்கேட்டல் எத்தனையோ வகையில் வந்திருக்கிறது. ஒளியாமலே, மேசையிலேயே உட்கார்ந்தபடி ஒட்டுக்கேட்கும் இப்படியொரு காட்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கடைசியில் பெப்பே தானே வாய்திறக்கிறார். லெலேயும் தன் பங்குக்கு, இரண்டு மணி நேரம் அந்த இடத்தில் இருந்து பார்த்ததே தனக்குப் போதும் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறார். இரண்டு மணி நேரமாக எனக்கு நேர்ந்தது இவனுக்கு வாழ்நாள் முழுவதும் நேர்கிறது என்று மேசையில் ஒரு ஆளாவது உணர்ந்துவிட்டார் என்பதற்கு அது அடையாளம். பின்பு லூச்சோவை ஒருநாள் அழைத்து வா என்று நண்பர்கள் சமாதானம் பேச, பெப்பே மறுக்கிறார். நேசிக்கிற ஒருவரை இந்த மாதிரிப் பேச்சுகளிலிருந்து காப்பாற்றத்தான் வேண்டும் என்பது அவர் தரப்பு. மற்ற ரகசியங்களுக்கெல்லாம் அழுகை, அறை, கூச்சல் என்று பதில் கிடைக்கிறது. இதற்கு மட்டும் மேசையில் யாரிடமும் பதில் இல்லை.

ஜெனோவெசே நண்பர் குழுக்களை விட்டு விலகாத இயக்குநர். 2011இல் அவர் எடுத்த ‘இம்மத்தூரி’ நாற்பதை நெருங்கும் பழைய வகுப்புத் தோழர்கள் பள்ளித் தேர்வை மறுபடி எழுத நேர்வதைப் பற்றியது. அவருக்குப் பின்னால் இத்தாலிய நகைச்சுவையின் பெரிய மரபு இருக்கிறது. மாரியோ மொனிச்சேல்லியின் ‘அமீச்சி மியேய்’ 1975இல் வந்தது. ஃப்ளோரன்ஸ் நகரின் நடுவயது நண்பர்கள் வீட்டையும் வேலையையும் உதறிவிட்டுக் குறும்பு செய்யக் கிளம்புகிறார்கள். புறப்படும் ரயிலின் ஜன்னலில் தலைநீட்டும் பயணிகளை வரிசையாக அறையும் காட்சி அந்நாட்டில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். அங்கே மனைவியிடமிருந்து தப்பி ஓட நண்பர்கள் இருந்தார்கள், நண்பர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எத்தோரே ஸ்கோலாவின் ‘லா தெரஸ்ஸா’ (1980) ரோம் நகரின் ஒரு மொட்டைமாடி விருந்தில் அறிவுஜீவி நண்பர்களின் தோல்விகளை அடுக்கியது. அவர்கள் தோற்றவர்கள்தான், ஆனால் தோல்வியைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஜெனோவெசேயின் தலைமுறையில் அந்த மாடியும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. சாப்பாடு இருக்கிறது, ஒயின் இருக்கிறது, பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்கும் பழக்கம் இருக்கிறது.

முடிவைப் பற்றிப் பலருக்கு மனத்தாங்கல் உண்டு. கிரகணம் விலகுகிறது. இரவு கலைகிறது. அப்போதுதான் தெரிகிறது, அந்த விளையாட்டு நடக்கவே இல்லை. ரோக்கோ மறுத்ததை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நாம் பார்த்தது, ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை. எல்லோரும் விடைபெற்று அவரவர் வண்டியில் ஏறுகிறார்கள். கோசிமோ தன் பொய்களோடும், லெலே தன் பத்து மணிப் பெண்ணோடும், பெப்பே இல்லாத காய்ச்சலோடும் வீடு திரும்புகிறார்கள். ஏன் விளையாட மறுத்தாய் என்று ஏவா கேட்க, நாம் எல்லோரும் எளிதில் உடைந்துபோகக்கூடியவர்கள் என்று ரோக்கோ சொல்கிறார். எல்லாவற்றையும் உடைத்துக் காட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றுமே ஆகவில்லை என்பது இயக்குநரின் கோழைத்தனம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. விளையாட்டு நடந்திருந்தால் படம் தண்டனைக் கதையாக முடிந்திருக்கும். குற்றவாளிகள் மாட்டினார்கள், நாம் நிம்மதியாக எழுந்து போகலாம். நடக்கவில்லை என்னும்போது, நமக்கு எல்லாம் தெரிந்திருக்க, அவர்கள் ஒருவரையொருவர் கட்டியணைத்து விடைபெறுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒவ்வொரு அணைப்பும் பார்ப்பவருக்குச் சங்கடம் தருகிறது. நகைச்சுவை மரபுப்படி எல்லோரும் சேர்ந்தே இருக்கிறார்கள், மங்களமாகத்தான் முடிகிறது. அந்த மங்களத்தின் விலை என்ன என்பதைப் பார்வையாளரிடம் மட்டும் ஜெனோவெசே சொல்லி அனுப்புகிறார்.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். பியாங்கா ஏமாற்றப்படுபவளாக மட்டுமே நின்றுவிடுகிறாள். கோசிமோவோடு வேலைபார்க்கும் பெண் கருவுற்ற செய்தி தெரியவரும் இடம் அடுத்த திருப்பத்துக்கு வழிவிட அவசரமாகக் கடந்துவிடுகிறது. கார்லோத்தாவின் தனிமையும் குடியும் இன்னொரு படத்துக்கே போதுமானவை. திரைக்கதை அவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மறுஆக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. 2017இல் அலெக்ஸ் தெ லா இக்லேசியா எடுத்த ஸ்பானிய வடிவம் கிரகணத்துக்கு அமானுஷ்யச் சாயல் கொடுத்தது. 2018இல் வந்த பிரெஞ்சு வடிவத்தை இயக்கியது விறுவிறுப்புப் படங்களுக்குப் பெயர்போன ஃப்ரெட் காவாயே. 2019இல் வந்த ஜெர்மன் வடிவத்துக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். தென்கொரியாவிலும் 2018இல் ஏறத்தாழ அதே அளவு. இவற்றில் கொரியப் படம்தான் நட்பின் பக்கத்தை மிக நன்றாகப் புரிந்துகொண்டது. சோக்சோ என்ற கடலோர ஊரில் ஒன்றாக வளர்ந்த நால்வரின் சிறுவயதை முதலில் காட்டிவிட்டு, அவர்களில் ஒருவர் வாங்கிய புது வீட்டின் குடிபுகும் விருந்துக்கு வருகிறது. வீடு எவ்வளவு பெரியது, யார் என்ன படித்தார்கள், யார் எந்தப் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் மேசையில் புகைந்துகொண்டே இருக்கிறது. இத்தாலியர்களின் கால்பந்து இங்கே கோல்ஃப் ஆகிறது. விடுபட்டவனின் காயத்தில் இப்போது பணமும் சேர்ந்துகொள்கிறது.

அரபு வடிவமான ‘அஸ்ஹாப் வலா அஅஸ்’ 2022 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அந்த நிறுவனத்தின் முதல் அரபுத் திரைப்படம் அது. விஸாம் ஸ்மைரா இயக்க, லெபனானின் நதீன் லபக்கி, எகிப்தின் மோனா ஸக்கி போன்றோர் நடித்தார்கள். வீடு பெய்ரூட்டில். வெளியான உடனே எகிப்தில் பெரும் கூச்சல் எழுந்தது. மோனா ஸக்கி ஏற்ற மனைவி பாத்திரம் விருந்துக்குக் கிளம்புமுன் உடைக்குள்ளிருந்து உள்ளாடையைக் கழற்றிப் பைக்குள் வைக்கும் காட்சியும், தன்பாலீர்ப்பாளராக வரும் ரபீ என்ற பாத்திரமும் குடும்ப ஒழுக்கத்தைக் கெடுப்பதாக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் குரல் எழுப்பினார். தடை கேட்டு வழக்கறிஞர் ஒருவர் கிளம்பினார். நடிகர் சங்கம் ஸக்கியின் பக்கம் நின்று அறிக்கை விட்டது. அந்தக் காட்சியில் காமெராவுக்கு எதுவுமே தெரிவதில்லை, ஒரு பெண் அப்படிச் செய்கிறாள் என்பதை நாம் அறிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். ஆண்களின் துரோகங்கள் படம் நெடுக வரிசையாக வருகின்றன. அவற்றை விட்டுவிட்டு வசை முழுவதும் அந்த நடிகையின்மேல் விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இந்தியாவுக்கு வந்த வழிகளும் கவனிக்கத்தக்கவை. ஜீத்து ஜோசப் இயக்கி மோகன்லால் நடித்த மலையாளப் படமான ‘ட்வெல்த் மேன்’ 2022 மே மாதம் ஓடிடியில் வந்தது. மறுஆக்கம் என்ற பெயரில் வந்ததில்லை என்றாலும் அதே விளையாட்டு. திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்காக ஒரு விடுதியில் கூடும் நண்பர்கள் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஆடுகிறார்கள். இரவு முடிவதற்குள் அவர்களில் ஒருவர் இறந்துகிடக்கிறார். பிறகு அது துப்பறியும் கதை. ‘த்ரிஷ்யம்’ எழுதிய கை அந்தப் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. அங்கே ரகசியம் கொலைக்கான நோக்கமாகச் சுருங்கிவிடுகிறது. யார் செய்தது என்ற கேள்வி வந்ததும், நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்ற கேள்வி காணாமல் போகிறது.

இந்தியில் முதஸ்ஸர் அஸீஸ் இயக்கிய ‘கேல் கேல் மேய்ன்’ 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அக்‌ஷய் குமார் பிளாஸ்டிக் சர்ஜன். ‘ஆடுகளம்’ மூலம் நமக்கு அறிமுகமான டாப்ஸி இதில் பஞ்சாபி மனைவி. அஸீஸ் செய்த பெரிய மாற்றம், நண்பர்களை ரோம் நகரத்து வீடு போன்ற தனி வீட்டில் அடைக்காமல் ஜெய்ப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வரவழைத்தது. கீழே சடங்கும் சங்கீத்தும் நடக்க, மேலே அறைக்குள் விளையாட்டு நடக்கிறது. இந்த யோசனை சரியான இடத்தில் கைவைத்திருக்கிறது. நம் நாட்டில் நண்பர் கூட்டம் எப்போதும் குடும்பத்தின் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கதவைத் திறந்தால் சித்தியோ மாமாவோ நிற்பார்கள். ‘ஸ்த்ரீ 2’ வெளியான அதே நாளில் வந்ததால் திரையரங்கில் அது அடிபட்டுப்போனது.

இந்திப் படத்தின் பெப்பே, ஃபர்தீன் கான் நடித்த கபீர். கொரியாவில் அவர் பெயர் யங்பே. பெய்ரூட்டில் ரபீ. எகிப்தின் கண்டனத்துக்கு அஞ்சி அரபுப் படக்குழு அந்தப் பாத்திரத்தை முன்கூட்டியே வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. கணவன் மனைவித் துரோகங்களை எந்த ஊரிலும் வேறு துரோகங்களால் மாற்றிவைக்கலாம், காதணிக்குப் பதில் வளையலோ புடவையோ வரலாம். பெப்பேயின் நாற்காலியைக் காலியாக்கினால் அந்த மேசையில் நண்பர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. சொந்த ஊரில் எவ்வளவு எதிர்ப்பு வந்தாலும் அவரை வைத்துக்கொண்ட இயக்குநர்களே இந்தத் திரைக்கதையைச் சரியாகப் படித்தவர்கள் என்பது என் முடிவு.